மணி அடித்த பிறகு காணாமல்போன அரை மணி நேரம்

மரியாதைக்குரிய சகலை அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் இளைய சகலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே இரண்டு வீட்டிலும் எல்லோரும் நலம். நீங்களும், உங்கள் கப்பலும், அதன் இன்ஜினும் நலமாக இருக்க வேண்டும்; மூன்றில் ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் படுத்துவிடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் செய்தி போன வாரம் வந்து சேர்ந்தது. "வீட்ல என்னப்பா நடக்குது? உங்க அண்ணியைக் கேட்டா, உங்க சகலையையே கேளுங்கங்கிறா. உன் வீட்ல கேட்டா, எங்க அக்காவையே கேளுங்கங்கிறா" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லலாமென்றால் உங்கள் பக்கம் காற்று இரைகிறது, பாதிக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே விவரமாக எழுதிவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது. சரியானதற்கு அண்ணி ஒரு காரணம், நீங்கள் ஒரு காரணம். அந்த நன்றியைச் சொல்லத்தான் கடிதம். ஆனால் முன்கதை தெரியாமல் நன்றியை மட்டும் சொன்னால் எதற்கென்று நீங்கள் முழிப்பீர்கள் என்பதால், ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் புது வேலை என்னவென்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பது எனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் யாருக்குமே பிடிபடவில்லை. நான் பத்தொன்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த ட்யூஷன் சென்டர் மூடப்பட்ட பிறகு, அண்ணி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தேன் அல்லவா, அங்கே எனக்குப் பாட வடிவமைப்பாளர் என்று பெயர். ஒரு வேலையை நன்றாகத் தெரிந்தவரிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்ததை வாங்கி, புதிதாகச் சேருகிறவர்கள் கற்றுக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் பாடமாக்கித் தர வேண்டும். அப்படித் தெரிந்தவரை எங்கள் தொழிலில் விஷய நிபுணர் என்போம். இதை உங்கள் கொழுந்தியாளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரிஞ்சவங்ககிட்ட வாங்கித் தெரியாதவங்களுக்குக் குடுக்கிறீங்க. நடுவுல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புரோக்கர்னு சொல்லிட்டுப் போங்களேன், எல்லாருக்கும் புரியும்" என்றாள். அன்றிலிருந்து நான் யாருக்கும் விளக்குவதில்லை.

எங்கள் பயிற்சி மேலாளரை எல்லோரும் 'கட்டம் சார்' என்பார்கள். எதைச் சொன்னாலும் வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டு அதற்குள் அடைத்துவிடுவார். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒன்றாம் தேதி புது ஆபரேஷன் பகுதி திறக்கப்போகிறார்கள், கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்கு ஆறு புதியவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஆட்டோகிளேவ் பாடம் வேண்டும் என்றார். ஆட்டோகிளேவ் என்பது அண்ணி இருபத்திரண்டு வருடமாகக் கட்டி மேய்க்கும் அந்த நீராவி இயந்திரம்தான். கத்தி, கத்தரி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவி, நீலத் துணியில் 'பேக்' எனப்படும் பொட்டலமாகக் கட்டி, டேப் ஒட்டி, அதற்குள் அடுக்கி, இயந்திரம் மணி அடிக்கும்வரை நீராவியில் வேகவைத்து எடுப்பது. பாடத்தின் கடைசிக் கட்டத்தில் விஷய நிபுணரின் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடம் செல்லாது என்றும் சொன்னார். என்னுடைய ஆறு மாதச் சோதனைக்காலமும் அதே ஒன்றாம் தேதிதான் முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை, இன்னொரு கட்டம் போட்டுக் காட்டினார். நிபுணர் யார் சார் என்று கேட்டேன். "டேப் அக்கா" என்றார். மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு டேப் உருளையை வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு திரியும் நம் அண்ணிக்கு ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பெயர். எனக்கு ஒரே சந்தோஷம். சொந்த அண்ணியிடம் ஒரு கையெழுத்து வாங்க எத்தனை நாள் ஆகிவிடும் என்று நினைத்தேன். என் முதல் தவறு அந்தச் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது கேள்விகளை டைப் செய்து எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போய்விட்டேன். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "ஒரு தடவைக்கு எத்தனை பேக் வைக்கலாம் அண்ணி?" "கொள்ளுற அளவு வைக்கலாம் தம்பி." "கொள்ளுற அளவுன்னா?" "கொள்ளாததுக்கு முந்தின அளவு." நான் எழுதிக்கொண்டேன். "காய்ஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?" "ஈரமா இல்லேன்னா காய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம்." அதையும் எழுதிக்கொண்டேன். "மணி அடிச்சதும் என்ன செய்யணும்?" "கதவைத் திறந்து எடுக்கணும். வேற என்ன, பூஜையா போடுவாங்க?" எழுதிக்கொண்டேன். நாற்பது கேள்விக்கும் பதில் வாங்க இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. நம் அண்ணி எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று வியந்தபடி கிளம்பும்போது, "இரு தம்பி" என்று சொல்லி, அலமாரியைத் திறந்து இருநூற்றுப் பதினான்கு பக்கம் எடுத்துக் கையில் கொடுத்தார். இயந்திரத்தோடு வந்த புத்தகமும், இத்தனை வருடமாக அவர் எழுதிவைத்த குறிப்புகளும். "இதுல எதையும் விட்றாதீங்க. எல்லாமே முக்கியம்." அதில் ஏழு பக்கம் பழைய இயந்திரத்தின் கதவு ரப்பர் எப்படியெல்லாம் பழுதாகும் என்பதைப் பற்றியது. "அந்த மெஷினை வித்து ஒம்பது வருஷம் ஆச்சே அண்ணி" என்றேன். "வித்துட்டாங்க. ஆனா அது என்னை என்ன பாடு படுத்திச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். அந்த ஏழு பக்கத்தையும் சேர்த்தே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கட்டம் சாரோ இருபது நிமிடத்துக்கு மேல் பாடம் போகக் கூடாது என்கிறார். இருநூற்றுப் பதினான்கு பக்கத்தை இருபது நிமிடத்துக்குள் எப்படி அடைப்பது என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் எனக்குப் புரியாதவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். அண்ணன், இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்குப் புரியாததெல்லாம் முக்கியமில்லாததாகத்தான் இருக்கும் என்று மனதார நம்பினேன். எடுத்த பிறகு பார்த்தால் பாடம் சரியாகப் பத்தொன்பது நிமிடம் வந்தது, அதுவே அது சரி என்பதற்கு அடையாளம் என்றும் நினைத்துக்கொண்டேன். அதை அண்ணியின் போனுக்கு அனுப்பி, இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "நல்லா இருந்துச்சு தம்பி, அழகாப் பண்ணியிருக்கீங்க" என்றார். நான் நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்து சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அண்ணி அதைத் திறக்கவே இல்லை. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது உப்பில்லாத குழம்பையும் நன்றாக இருந்தது என்போமே, அந்த மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. அந்நியராக இருந்தால் அண்ணி பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார், நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டியிருப்பேன். உறவு என்பதால் அவர் பொய் சொன்னார், உறவு என்பதால் நான் நம்பினேன்.

அடுத்தது வெள்ளோட்டம். வாசல் காவலில் இருந்து அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஒருவரைக் கட்டம் சார் பிடித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர். எழுதியிருந்தால் செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். வாசலில் இருந்தபோது அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த தலைமை மருத்துவரையே உள்ளே விடாதவர். அவர் என் பாடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, அண்ணி மேல்மாடிக்கு ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்த நேரத்தில், பாடத்தில் இருந்தபடியே எல்லாம் செய்தார். கொள்கிற அளவு வைக்கச் சொல்லியிருந்தேன், ஆகவே முப்பத்துநான்கு பேக்கையும் பீரோவில் ஃபைல் அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கி வைத்தார். மணி அடித்ததும் எடுக்கச் சொல்லியிருந்தேன், மணி அடித்தது, எடுத்தார். எடுத்துச் சில்லென்றிருந்த இரும்பு மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். நான் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், மனதுக்குள் பாராட்டு விழாவே நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அண்ணி இறங்கி வந்தார். ஒரு பேக்கைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். இன்னொன்றைத் தூக்கினார். எல்லாம் ஈரம். ஈரத்துணி வழியாகக் கிருமி மறுபடி உள்ளே போய்விடும், ஆகவே ஈரமான பேக் கழுவாத பேக்குக்குச் சமம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த விவரம் நான் எடுத்துவிட்ட பக்கங்களில் இருந்தது.

அண்ணி பார்த்ததால் ஒரு பேக்கும் ஆபரேஷன் அறைக்குப் போகவில்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் முப்பத்துநான்கையும் பிரித்து, மறுபடி கட்டி, மறுபடி வேகவைத்து அனுப்புவதற்குள் அன்றைய ஆபரேஷன்கள் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போயின. இருபத்திரண்டு வருடத்தில் அண்ணியின் பிரிவால் ஒரு நாள்கூட ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஆனதில்லை. அதற்காகவே ஒரு பதிவேடு இருக்கிறது, 'தாமதம்' என்ற பத்தியில் முதல் பக்கத்திலிருந்து வெறும் கோடுதான். அதில் முதல்முறையாக ஒரு எண்ணை எழுத வேண்டியிருந்தது. அதை எழுதிவிட்டு, கட்டம் சார் முன்னால் அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாடத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்." கையெழுத்துக்கூட அப்புறம். அந்த 'சார்' இருக்கிறதே அண்ணன், என் கல்யாணத்துக்கு முன்பே என்னைத் தம்பி என்று அழைத்தவர் அவர். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே நினைவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அக்காவும் தங்கையும் போனில் பேசுவார்களே, அது நின்றுவிட்டது. ஆறரை ஆனால் உங்கள் கொழுந்தியாள் போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். "உங்க பாடம் யாருக்கு என்ன சொல்லிக்குடுத்துச்சோ தெரியாது. எனக்கு அக்கா இல்லாம இருக்கிறது எப்படின்னு சொல்லிக்குடுத்துச்சு" என்றாள். நான் அண்ணிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி அனுப்பினேன். மூன்று பக்கம், துணைத்தலைப்புகளோடு. அது அடுத்த நாளே திரும்பி வந்தது. இரண்டாம் பக்கத்தில் 'நம் இருவரின் தவறு' என்ற இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் 'ஒன்று உங்களுடையது, இன்னொன்று யாருடையது?' என்று எழுதியிருந்தது. ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது கட்டம் சார் என்னைக் கூப்பிட்டு, "அவங்க கையெழுத்து இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க வேலை விஷயத்துலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று அவர் கட்டம்கூடப் போடவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிறவனை அடுத்து யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துதான் உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன்: 'அண்ணியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்?'

நான்கு நாள் கழித்து உங்கள் பதில் வந்தது. நீங்கள் எழுதியதை அப்படியே இங்கே திருப்பி எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருக்கும்: 'இருபத்தாறு வருஷத்துல நான் அவகிட்ட எதையும் கேட்டதில்ல. கேட்டா ஒண்ணும் இல்லேன்னு சொல்லுவா. பக்கத்துல நின்னு பாத்திரம் தேய்ப்பேன். தப்பாத் தேய்ப்பேன். எல்லாம் தானா வரும்.' நீங்கள் குடும்ப விஷயம் என்று நினைத்துச் சொன்னீர்கள். எனக்கோ அது தொழில் விஷயமாகப் பட்டது. நாற்பது கேள்வி கேட்ட என் புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணியிடம் போய், "கேள்வி எதுவும் இல்ல அண்ணி. புதுசா வேலைக்குச் சேர்ந்தவன்னு நெனச்சு என்னைப் பக்கத்துல வெச்சுக்குங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்கு வர்றவங்க காலையில ஆறரைக்கு வருவாங்க சார். நகம் வெட்டியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலமே நகம் வெட்டிக்கொண்டேன்.

முதல் நாளே தொடங்கிவிட்டது. ஒரு கிண்ணத்தை மல்லாக்க வைத்தேன். அறையின் அந்த மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், சத்தத்தை வைத்தே, "அப்படியில்ல. சாய்ச்சு நிறுத்துங்க. மல்லாக்க வெச்சா நீராவி தண்ணியாகி அதுலயே தேங்கிக்கிடும்" என்றார். இது நாற்பது கேள்வியிலும் வராத பதில். ஏனென்றால் கிண்ணத்தை எப்படி வைப்பது என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது, சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. கனமான ட்ரேயை மேல்தட்டில் வைத்தேன். "அப்படியில்ல. கனம் கீழே, துணி மேலே. இல்லேன்னா ட்ரேல இருந்து சொட்டுற தண்ணி துணியில விழும்." பேக்குகளை நெருக்கி வைத்தேன். "அப்படியில்ல. நடுவுல கை போகணும், நீராவிக்கும் வழி வேணும்ல?" நான் உடனே ஸ்கேலை எடுத்து அவர் உள்ளங்கையின் தடிமனை அளந்துகொண்டேன். கொள்கிற அளவு என்பதற்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் கிடைத்தது. 'அப்படியில்ல' என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஒரு வரி எழுதினேன். மூன்று நாளில் நாற்பத்தேழு. அப்புறம் தெரிந்தே தவறு செய்யத் தொடங்கினேன். அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். "இப்ப பண்ணது வேணும்னே. காலையில பண்ணது நெசமாவே தெரியாமப் பண்ணது. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும் சார்" என்றார். ஆனாலும் திருத்தினார். தவறைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியாது.

நான்காம் நாள்தான் முக்கியமானது. மணி அடித்தது. நான் வெள்ளோட்டத்தில் பட்ட சூட்டில், அண்ணி என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கதவை ஒரு சாண் திறந்துவிட்டு மேசைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார். எந்த பேக் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக எழுதினார். பேனா மூடியைத் தேடினார். மேசையைத் துடைத்தார். வெளியே போய் அரை டம்ளர் டீ குடித்துவிட்டு வந்தார். திரும்ப வந்து பேக்குகளைத் தொட்டுப் பார்த்து எடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பத்திரண்டு நிமிடம். "அண்ணி, மணி அடிச்சதும் எடுக்கணும்னு சொன்னீங்களே" என்றேன். "ஆமா, எடுத்தேன்ல." "நடுவுல பதிவேடு எழுதினீங்க." "அது தினமும் எழுதுறதுதான்." "அதை முன்னாடியே எழுதி வெச்சிட்டா?" "முன்னாடி எழுதினா எப்படி," என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் ஒரு பேக் இருந்தது. அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் பதிவேடு எழுதுறதாத்தான் நெனச்சிட்டு இருந்தேன். அது ஆற விடுற நேரம்." அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மேற்பார்வையாளர் மணி அடித்ததும் பதிவேட்டை எழுதச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. பேக் ஆறட்டும் என்றுதான் அந்த வழக்கம். அண்ணி வழக்கத்தைக் கைவிடவில்லை, காரணம் மட்டும் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரியாததை அவர் எனக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவர் என்னைத் தம்பி என்று அழைத்ததை அப்போது இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தேன்.

அடுத்த நாள் காலை அண்ணி நேராகக் கட்டம் சார் அறைக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். "அன்னைக்கு ஈரமானதுக்குத் தம்பி மட்டும் காரணம் இல்ல. அவர் எழுதினது நான் சொன்னது. நான் சொன்னதுல அரை மணி நேரம் காணோம்" என்றார். அதைப் பதிவேட்டிலும் எழுதுகிறேன் என்றார், எழுதினார். அண்ணன், இருபத்திரண்டு வருடம் ஒரு வேலையில் நிபுணர் என்று பெயர் எடுத்தவர், யாரும் கேட்காமலே மேலாளர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்ததில் ஒரு ஓட்டை இருந்தது என்று சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் கணக்கு வாத்தியாராக இருந்த பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை. பையன்களுக்குப் புரியாதபோதெல்லாம் பையன்களுக்குப் புரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். கட்டம் சார் பேனாவைத் திறந்து, எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தார்.

மிச்ச நாளில் மூன்று பேராக உட்கார்ந்து பாடத்தைப் புதிதாக எழுதினோம். அண்ணி, நான், அந்தக் காவல்காரர். இருநூற்றுப் பதினான்கு பக்கமும் மறுபடி மேசைக்கு வந்தது. எதை வைப்பது, எதை விடுவது என்ற சண்டையும் கூடவே வந்தது. இந்த முறை நான் எதையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் காவல்காரரைக் காட்டி ஒரே ஒரு கேள்வியைத்தான் அண்ணியிடம் வைத்தேன்: இதைப் படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? காவல்காரர் எழுந்து அதைச் செய்து காட்டுவார். செய்ய ஒன்றும் இல்லாத பக்கத்துக்கு அவர் அசையாமல் நிற்பார், அண்ணி அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துவைப்பார். பழைய இயந்திரத்தின் ரப்பர் வந்தது. காவல்காரர் நின்றார். அண்ணி ஏழு பக்கத்தையும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இது என் கதை. பாடம் இல்ல" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் புரியாமல் எடுத்த பக்கங்களில் ஆறு திரும்ப உள்ளே வந்தன. மொத்தம் பதினோரு பக்கம், இருபத்திரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் கூடுதல் என்றேன், கட்டம் சார் பெரிய மனது பண்ணிக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு காவல்காரர் தனியாக முப்பத்துநான்கு பேக்கை வேகவைத்தார். அண்ணியும் நானும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். மணி அடித்தது. அவர் கதவை ஒரு சாண் திறந்துவிட்டுப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தார். முப்பது நிமிடம் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை, எழுதி முடித்த பிறகும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரம் எனக்கு வேலையும் போய் உறவும் போனதுபோலவே இருந்தது. அப்புறம் அண்ணி உள்ளே போய் முப்பத்துநான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார். ஒன்றைக்கூட விடவில்லை. வெளியே வந்து, "பேனா குடுங்க தம்பி" என்றார். தேதி போட்டு, முழுப்பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் வீட்டில் போன் அடித்தது. உங்கள் கொழுந்தியாள் ஒன்றரை மணி நேரம் பேசினாள். என்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன், இரண்டு முறை சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆறு புதியவர்களும் சேர்ந்து இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது, ஒரு பேக்கும் ஈரமாகவில்லை. என் வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

ஆகவே அண்ணன், அண்ணிக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேனோ அவ்வளவு உங்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நடுக்கடலில் இருந்து நீங்கள் எழுதிய ஐந்து வரி இல்லாவிட்டால் நான் ஐம்பது கேள்வியோடு மறுபடி போயிருப்பேன். தெரிந்தவர் பக்கத்தில் நின்று தப்பாகச் செய்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும், அதை நீங்கள்தான் கொடுத்தீர்கள். இனிமேல் நம் இரு வீட்டுக்கும் இடையில் எந்தப் பாடமும் குறுக்கே வராது என்று உறுதி சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அறைச் சூட்டில் இருந்து வந்ததும் சில்லென்ற தண்ணீரில் குளிக்காதீர்கள். கப்பலில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் மற்றவர்களுக்கு என் அன்பும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
இளைய சகலை

பின்குறிப்பு: எதையும் அனுப்புவதற்கு முன் விஷய நிபுணரிடம் காட்டிவிட வேண்டும் என்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் விஷயத்தில் நிபுணர் அண்ணி என்பதால் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இந்த முறை நிஜமாகவே படித்தார். நின்றுகொண்டே கடைசி வரி வரை படித்துவிட்டு, "தம்பி, இதைப் படிச்சு முடிச்சதும் அவர் என்ன செய்யணும்?" என்று கேட்டார். எல்லாப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டு, "இது உங்க கதை. கடிதம் இல்ல" என்றார். ஆகவே மேலே உள்ள எதையும் நான் எழுதாததாகவும் நீங்கள் படிக்காததாகவும் நினைத்துக்கொள்ளவும். இன்னும் மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம் என்று நீங்கள் இரண்டு முறை கப்பலிலேயே தங்கிவிட்டதால், நிபுணரால் ஒப்புக்கொள்ளப்பட்ட கடிதம் பின்வருமாறு. கையெழுத்து அவருடையதே, நான் கேட்காமலே போட்டார்.

'இரண்டு வீடும் நலம். சண்டை இல்லை.
கேள்வி ஒன்று: எப்போது வருகிறீர்கள்?
தேதி மட்டும் எழுதவும். காரணம் எழுத வேண்டாம். எழுதிய தேதியில் வரவும்.'